சிப்பி ஒட்டாத மயில்

சாயக் கடையில் வேலை செய்கிறவர்களுக்குப் பெருநாள் நாள்காட்டியைப் பார்த்து வராது, யாராவது ஒருவர் ஊறிப்போன பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இது ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்கும்போதுதான் வரும்.

ஜொகூரின் துறைமுக ஊரான பாசிர் கூடாங்கில், நாங்கள் தவுக்கே என்று கூப்பிடும் சீன முதலாளியின் ஹார்ட்வேர் கடையில், முழங்கால் ஒத்துழைத்தவரை சாயம், அதாவது பெயிண்ட், விற்கும் கவுண்டரில் நின்றவள் நான். எங்கள் ஊர்த் தாமான் குடியிருப்புகளில் வரிசை வீட்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம். துறைமுகத்துப் பக்கம் கழித்துப் போடும் சாமான் அடுக்கும் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்து, அறுத்து ஆணியடித்து, வாசலில் எதையாவது நிறுத்திவிடுவார்கள். தீபாவளிக்கு மயில், குத்துவிளக்கு. நோன்புப் பெருநாளுக்கு விளக்கு வளைவு. கிறிஸ்துமஸுக்கு மான். செய்து முடித்த மறுநாள் மழை வரும். ஜொகூரில் ஆண்டுக் கடைசி மழை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் ஒரு காலத்தில் ஆசையாய் ஒரு மயில் செய்து, அது வீங்கி, உரிந்து, கழுத்தைத் தொங்கப்போட்டதைப் பார்த்தவராக இருந்தால், வாருங்கள், நாம் ஒரே சாதி.

காளான்

எங்கள் தாமானில் பின்வரிசையில் இருந்த லெட்சுமி அக்காவுக்குப் பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை. ஒரு வருஷம் தன்னைவிட உயரமாக, பிளைவுட்டில் குத்துவிளக்கு செய்தார். வீட்டுக்குள் சுவருக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் சாயத்தையே அதற்கும் பூசினார். பிறகு மழையை நினைத்துப் பயம் வந்துவிட்டது. சமையலறையில் குழம்புக் கிண்ணத்தை மூடுகிற பிளாஸ்டிக் சுருளை எடுத்து, விளக்கைத் தலையிலிருந்து கால்வரை இறுக்கிச் சுற்றிவிட்டார். பிரசவித்த பெண்ணுக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டுவதுபோல அவ்வளவு கவனம்.

பலகை ஏற்கெனவே ஈரம். வெளித் தண்ணீர் உள்ளே போகாதது சரி, உள் தண்ணீர் வெளியே வர வழி வேண்டாமா? ஒரு வாரம் கழித்து, சுற்றிய பிளாஸ்டிக்கோடு கடைக்குத் தூக்கி வந்தார். எங்கள் கடையில் பலகை அறுக்கிறவர் காதர் பாய். அவர் கத்தியால் பிளாஸ்டிக்கைக் கிழித்ததும் ஒரு வாடை வந்தது. விளக்கின் ஓரம் முழுக்க வெள்ளை வெள்ளையாய்க் காளான், வரிசை கட்டி நின்றது. சிரிக்கக் கூடாது என்று நான் தின்னர் டின்களை அடுக்கப் போய்விட்டேன். லெட்சுமி அக்கா குனிந்து ஒரு காளானைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வாசல்ல இருக்கிற ரோசாச் செடிக்குப் பொழுதன்னிக்கும் தண்ணி ஊத்துறேன், ஒரு மொட்டு விடல. இது பாருங்க, கேக்காமலே வளருது!"

கப்பல் சாயம்

ஊரார் பலகையைப் பற்றிப் பேசும் முன் என் வீட்டுப் பலகையைச் சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் கணேசனுக்குக் கப்பல் பட்டறையில் சாயம் அடிக்கும் வேலை. கப்பலுக்கே அடிக்கிறவர், பால்மாவு டப்பா அளவு டின்களை வைத்துக்கொண்டு கவுண்டரில் நிற்கும் பெண்டாட்டியிடம் யோசனை கேட்பாரா? ஒவ்வொரு தீபாவளிக்கும் மயில் செய்வார். ஒவ்வொரு தீபாவளிக்கும் நான், "வெளியில வைக்கிற பலகைக்கு வேற சாயம் இருக்குங்க" என்பேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் காது அன்றைக்கு மட்டும் கேட்காது.

ஒரு வருஷம் பட்டறையில் ஃபோர்மன் கழித்துவிட்ட அடி டின் சாயத்தைக் கேட்டு வாங்கி வந்தார். உடம்புக்குச் சாம்பல் நிறம், தோகைக்குக் கப்பலின் அடிவயிற்றுக்குப் பூசும் செங்காவி. மயிலுக்கு உரிய நிறம் ஒன்றுகூட அதில் இல்லை. "இது என்னா சாமான் தெரியுமா புஷ்பா? கடல்ல போட்டாலும் சிப்பி ஒட்டாது" என்றார். "நம்ம வாசலுக்கு எங்கேங்க சிப்பி வரப்போகுது?" என்று கேட்டேன். என் மகள் கவிதா அப்போது பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். மயிலுக்குக் கண் வரைவது எப்போதும் அவள் வேலை. அப்பாவும் மகளும் ஒரு பலகையின் இரு பக்கமும் குந்தி உட்கார்ந்து, ஒருவர் தேய்க்க ஒருவர் ஊத, போர்ட்டிகோ முழுக்கத் தூள் பறக்கும். அந்தத் தூளைப் பெருக்கும்போது எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் ஆசையாக இருக்கிறது.

கப்பல் சாயத்தில் ஒரு சங்கதி உண்டு. அந்தச் சாம்பல் நிறம் தண்ணீருக்கு அஞ்சாது, ஆனால் வெயிலில் நிற்க நிற்க மாவாகக் கொட்டும். தீபாவளியன்று காலை மயிலைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்ட அத்தனை பேரின் புதுத் துணியிலும் சாம்பல் மாவு. என் பட்டுச்சேலை முந்தானை, கவிதாவின் பஞ்சாபி உடை, வந்திருந்த பிள்ளைகளின் கன்னம், எதையும் விடவில்லை. பக்கத்து வீட்டு ராஜு தம்பி கையில் முறுக்கோடு வேலியோரம் நின்று எங்களைப் பார்த்தார். "என்னாண்ணே, இந்த வருஷம் மயிலே எல்லாருக்கும் விபூதி குடுக்குது?"

கை நனைக்காமல்

கவிதா சிங்கப்பூரில் வேலைக்குப் போனாள். அங்கே கூட வேலை செய்த அந்தோணியை விரும்பினாள். அந்தோணி பாலோ என்ற ஊரைச் சேர்ந்தவர், தலைமுறையாக மாதா கோயிலுக்குப் போகும் தமிழ்க் குடும்பம். நல்ல பிள்ளை என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும், ஆனால் முருகன் கோயிலில் தாலி கட்ட வேண்டும் என்று ஒரே பிடி. பிள்ளைகள் இரண்டும் பேசி, பதிவு செய்து, மாதா கோயிலில் கல்யாணம் முடித்தார்கள். இவர் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஆசீர்வாதம் முடிந்ததும், சம்பந்தி கையைப் பிடித்துக் கூப்பிடக் கூப்பிட, சாப்பாட்டுப் பந்திக்கு வராமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். கல்யாண வீட்டில் கை நனைக்காமல் வருவது என்றால் என்ன என்று நம்மில் யாருக்கு விளக்க வேண்டும்? திரும்பி வரும் வழி முழுக்க நான் அழுதேன்.

அதற்குப் பிறகு மகளோடு பேச்சில்லை. அவள் என்னிடம் பேசும்போது டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். எனக்கிருந்த கவலையெல்லாம் அந்த வருஷத்துத் தீபாவளிதான். தலைத் தீபாவளிக்குப் பெண்ணைப் பெற்றவர் நேரில் போய், தட்டு வைத்து, மாப்பிள்ளையை அழைக்க வேண்டும். போன் பண்ணிக் கூப்பிட்டால் அது அழைப்பு ஆகாது. முதல் தீபாவளி இப்படிப் போய்விட்டால் அடுத்தடுத்த தீபாவளியும் இப்படியே போய்விடும், பிறகு யார் யாரை அழைப்பது? நான் கவிதாவிடம், "நீ பாட்டுக்கு வந்துரும்மா, வீட்டுக்கு வந்த பிள்ளைய வெளிய போன்னா சொல்லிருவாரு?" என்று கேட்டுப் பார்த்தேன். அவள் குரல் உடையாமல்தான் பேசினாள். "அப்பா வந்து கூப்பிடாம எப்படிம்மா வர்றது? என்னைய விடுங்க, அவங்களுக்கு ஒரு மரியாதை இருக்குல்ல?"

ஹாஜியின் வளைவு

அந்த வருஷம் நான் வாய்விட்டுச் சிரித்தது ஒரே நாள்தான், அதற்குக் காரணம் எங்கள் வாடிக்கையாளர் ஒரு மலாய்க்காரர், ஹாஜி. நோன்புப் பெருநாளுக்கு அவருடைய கம்பத்தில், ஊருக்குள் நுழையும் வழியில் மரத்தில் பெரிய வளைவு கட்டியிருந்தார். பச்சைச் சாயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது, பூசப் பூச வழுக்கிக்கொண்டு இறங்குகிறது என்று முறையிட்டார். "முதல்ல என்ன பூசுனீங்க, ஹாஜி?" என்று மலாயில் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. மோட்டார் கடையில் கழித்த கறுப்பு எண்ணெயை மூன்று தடவை ஊற ஊற விட்டாராம். கறையான் ஓடிவிட்டது, மழைத் தண்ணீரும் ஓடிவிடுகிறது என்றார். சாயமும் ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் குடித்த பலகை சாயம் ஏற்காது, வேண்டுமானால் அப்படியே கறுப்பாக விட்டுவிடுங்கள் என்றேன். சரி என்று ஒப்புக்கொண்டு கிளம்பியவர், கதவருகே திரும்பி, அதில் தொங்கவிட நல்ல கம்பிக் கொக்கி இருக்கிறதா என்று கேட்டார். எதைத் தொங்கவிட? பெலித்தா விளக்கு. மண்ணெண்ணெய் ஊற்றித் திரி கொளுத்துகிற தகர விளக்கு, வளைவு முழுக்க வரிசையாக.

பலகை அறுக்கும் வாள் மெஷினை நிறுத்திவிட்டுக் காதர் பாய் ஓடி வந்தார். "அலமாக், ஹாஜி! நீங்க கட்டுனது வளைவு இல்ல, பெரிய திரி!"

உயரம் குறையும் மான்

ஸ்டீவன் தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை பார்ப்பவர். கிறிஸ்துமஸுக்கு மாதக் கணக்கு இருக்கும்போதே தன் மானைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். முதல் வருஷம் அது ஆள் இடுப்பளவு நின்ற மான். ஈரப் புல்லில் நட்டு வைத்ததில் குளம்பு ஊறி அழுகிவிட்டது. பலகையில் அறுத்த முனைதான் வாய், அது வழியாகத்தான் தண்ணீரைக் குடிக்கும், அதைச் சீலர் போட்டு அடைத்து, செங்கல் மேல் ஏற்றி வையுங்கள் என்று சொன்னேன். தலையாட்டினார். அழுகிய இடத்தை அறுத்துவிட்டு, பழுப்புச் சாயம் மட்டும் வாங்கிப் போனார். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் அழுகியது, இன்னும் கொஞ்சம் அறுத்தார். கொம்பு மட்டும் அப்படியே இருந்ததால், வருஷத்துக்கு வருஷம் கொம்பு வளர்கிற மாதிரித் தெரிந்தது.

நான் சொல்லும் அந்த வருஷமும் வந்தார். பாலோவில் என் மகள் எந்த வாசலில் எதை அலங்கரிக்கப் போகிறாளோ, நான் பார்க்காமலே அது நடந்து முடிந்துவிடுமோ என்று நினைத்துக்கொண்டேதான் அவருக்குச் சாயம் கலந்தேன். டின் மெஷினில் குலுங்கிக்கொண்டிருந்தபோது, மானைக் காணோமே என்று கேட்டேன். கூடையிலிருந்து எடுத்துக் காட்டினார். காலே இல்லை. "இந்த வருஷம் இது படுத்திருக்கிற மான், அக்கா. இனிமே அழுகுறதுக்கு ஒண்ணும் இல்ல, நிம்மதி."

வரிசையில் நின்றவர்

தீபாவளி நெருங்கியும் எங்கள் வாசல் காலியாக இருந்தது. தாமானில் எல்லார் வீட்டிலும் வாள் சத்தம். இவர் வேலை முடிந்து வருவார், போர்ட்டிகோவில் சாய்த்து வைத்த பலகைகளைப் பார்ப்பார், உள்ளே போய்விடுவார். கண் வரைய மகள் இல்லாத மயிலை அவரால் செய்ய முடியவில்லை. அதை அவர் சொல்லவில்லை, ஆனால் எத்தனை வருஷம் கூடக் குடும்பம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா? பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுக்கிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

அந்த வாரம் கடையில் நல்ல கூட்டம். ஒருவருக்கு வார்னிஷ் கொடுத்து அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், அடுத்து வரிசையில் என் வீட்டுக்காரர் நிற்கிறார். பட்டறைச் சட்டையோடு, கையில் ஒரு துண்டுப் பலகை. அத்தனை வருஷத்தில் என்னை வாசலில் இறக்கிவிட்டிருக்கிறாரே தவிர, கடைக்குள் கால் வைத்ததில்லை. தவுக்கே எழுந்து வந்து, "பாஸ், என்னா வேணும், நான் பாக்குறேன்" என்றார். "இல்ல, அவங்ககிட்டயே கேட்டுக்கிறேன்" என்றார் இவர். காதர் பாய் மெஷினை நிறுத்திவிட்டார்.

அந்தப் பலகையைக் கையில் வாங்கினேன். எல்லாரிடமும் பேசுவதுபோலத்தான் பேசினேன். "பலகை காஞ்சிருச்சா?"

"வெயில்ல வச்சு எடுத்தேன்."

"ஓரத்தையும் முனையையும் முதல்ல சீலர் போட்டு அடைங்க. ஆணித் தலைய பட்டி மாவு வச்சு மூடுங்க. பின்பக்கம் யாரும் பாக்க மாட்டாங்கன்னு விட்டுறாதீங்க, அங்கதான் தண்ணி ஏறும். ஒரு பூச்சு காஞ்ச பிறகுதான் அடுத்த பூச்சு. பட்டறைச் சாயம் வேண்டாம்."

"சரி."

ஒவ்வொன்றுக்கும் சரி. கல்யாணமான நாளிலிருந்து அவர் அத்தனை சரி சொல்லி நான் கேட்டதில்லை. "என்ன கலர்?" என்றேன். மஞ்சள் என்றார், அதுவும் நல்ல பளிச்சென்ற மஞ்சள். மயிலுக்கு எதற்கு மஞ்சள் என்று யோசித்துக்கொண்டே, "எங்க வைக்கப் போறீங்க, வெயில்லயா நிழல்லயா?" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் பின்னாலிருந்த டின்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பாலோவுல, சம்பந்தி வீட்டு வாசல்ல. நட்சத்திரம் செஞ்சிருக்கேன், கிறிஸ்மஸ் முடியிற வரைக்கும் நிக்கணும்."

பாலோவில் மழை

மகளிடம் சொல்லாமல்தான் கிளம்பினோம். அன்று அவர்கள் பாலோவில் இருப்பார்கள் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன். பின்சீட்டில் தட்டு, வெற்றிலை, பாக்கு, பழம், மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, கவிதாவுக்குச் சேலை, நான் சுட்ட அதிரசம். காரின் கூரைமேல் ஆள் உயர நட்சத்திரம், கயிறு போட்டுக் கட்டியிருந்தது. லாயாங் லாயாங் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சிம்பாங் ரெங்கம் வரும்போது முன்னால் போகும் லோரியின் விளக்குகூடத் தெரியவில்லை. ஓரமாக நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தினால் திரும்பிப் போய்விடுவோம் என்றார். மழைக்குப் பயந்து சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். தன் மனசுக்குப் பயந்துதான் சொல்லியிருக்கிறார்.

சம்பந்தி வீட்டின் முன் போய் நின்றபோதும் மழை விடவில்லை. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். எப்படி இறங்குவது, என்ன சொல்வது என்று தெரியவில்லை அவருக்கு. கதவு திறந்து, அந்தோணிதான் குடையோடு ஓடி வந்தார். காரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கூரைமேல் இருந்ததைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ தெரியவில்லை, குடையை எங்கள் பக்கம் பிடிக்காமல் எட்டி அந்த நட்சத்திரத்துக்குப் பிடித்தார். யாரோ கஷ்டப்பட்டுச் செய்தது, நனைந்து கெட்டுவிடக் கூடாது என்ற பதற்றம். சட்டையெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டது. வாசற்படியில் கவிதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து மழையில் இறங்கினார். அந்தோணியின் கையைப் பிடித்து, குடையை அவர் தலைக்கு மேல் திருப்பினார். "அதுக்கு எதுக்குக் குடை? அது உங்க அத்தை சொன்ன சாயம், மழை ஒண்ணும் பண்ணாது. நீங்க நனையாதீங்க மாப்பிள்ளை, தீபாவளிக்கு நம்ம வீட்டுக்கு வரணும்."

இத்தனை வருஷம் கவுண்டரில் நின்று நான் கற்றது இவ்வளவுதான்: எந்தப் பலகையையும் ஒரு வாரத்தில் மழைக்குப் பழக்கிவிடலாம், வீட்டுக்காரரைப் பழக்குவதற்குத்தான் முழங்கால் தேய வேண்டியிருக்கிறது.